கனியும் கோவணமும்

தை பிறந்துவிட்டால், மதுரைப் பக்கத்திலிருந்தும், நத்தம் வழியாகச் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்தும் பழனிக்குக் கால்நடையாகப் புறப்பட்ட அடியார்கள், எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டையை ஒரு புறமாக விட்டுவிட்டு, ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்று மேற்கு நோக்கி இரவும் பகலும் நடந்துகொண்டே இருப்பார்கள். சிலர் காவி உடுத்தியிருப்பார்கள். சிலர் பச்சை உடுத்தியிருப்பார்கள். கழுத்தில் மாலையும் தோளில் துணிப்பையும் இருக்கும். காலில் ஒன்றும் இராது. எங்கள் ஊரிலிருந்து பழனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வழியெங்கும் பந்தலிட்டு நீர்மோரும் சோறும் வழங்குகிறவர்களும், கொப்புளம் கண்ட பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களும், ஊர் பேர் தெரியாத ஒருவனைச் ‘சாமி’ என்றழைத்துத் திண்ணையில் உட்காரவைக்கிறவர்களும், தாங்கள் ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்டதாக எண்ணுவதில்லை. தங்கள் பாட்டனார் செய்ததைத் தாங்களும் செய்வதாகவே எண்ணுகிறார்கள்.

சென்ற தையில் ஒரு மாலைப் பொழுதில், ஒரு காலத்தில் என்னிடம் பாடம் படித்தவரும், இன்று நம் பக்கத்து ஜனங்களை வெளிநாடுகளுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்வதையே ஜீவனமாகக் கொண்டவருமான நண்பர் ஒருவர், என்னோடு திண்ணையில் அமர்ந்து இந்த நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, ஐரோப்பா என்று அலைந்து பழகிய அவர், வெகு நேரம் பேசாமலிருந்துவிட்டு, “ஐயா, இவர்கள் போவதும் யாத்திரை, நான் அழைத்துக்கொண்டு போவதும் யாத்திரை. இவர்கள் மூன்று நாள் நடந்துவிட்டு வேறு மனிதர்களாகத் திரும்புகிறார்கள். நான் ஆறாயிரம் மைல் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் போனபடியே திரும்பி வருகிறார்கள். தூரம் போனால் அறிவு வரும் என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்?” என்று கேட்டார். அன்று அவருக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. ஓர் ஆண்டுக் காலம் அந்தக் கேள்வியை மனத்தில் சுமந்துகொண்டிருந்ததன் பயனே இந்தக் கட்டுரை.

அவர் தம் தொழிலை இகழ்ந்து பேசவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயுள் முழுவதும் கடையிலும் காட்டிலும் உழைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, அறுபதாவது வயதில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு முதன்முறையாக விமானம் ஏறுகிற ஒருவருடைய முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியைக் கண்டவர் அவர். அந்த மகிழ்ச்சி பரிசுத்தமானது, அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்று அவரே அழுத்தமாகச் சொல்வார். ஆயினும், போன இடத்தில் ரசமும் சோறும் கிடைக்கவில்லையென்ற குறையும், படத்தில் கண்ட மாதிரி நேரில் இல்லையென்ற ஏமாற்றமும், வாங்கி வந்த பொருள்களின் விலையும்தான் திரும்பி வந்தவர்களின் பேச்சில் பெரும் பங்காக இருக்கின்றன என்பதைப் பல்லாண்டு அநுபவத்தில் அவர் கண்டிருக்கிறார். தம்மைப் பற்றியும் அவர் இப்படிச் சொன்னார்: “எத்தனையோ தேசங்களுக்குப் போயிருக்கிறேன், ஆனால் ஒன்றையும் பார்த்ததில்லை. வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலைகளை எண்ணியதுதான் நான் பார்த்தது.”

அவர் தமக்கென்று, ஒருவரையும் அழைத்துச் செல்லாமல், விடுமுறையாகப் போய்வந்த ஒரே பயணம் இலங்கையின் தென்கிழக்கிலுள்ள கதிர்காமத்துக்கு. மாணிக்க கங்கையில் நீராடி, ஈரத்துணியோடு கூட்டத்தில் நின்று, சந்நிதியை அடைந்தபோது அங்கே கண்ணுக்குப் புலப்பட்டது ஒரு திரை. கதிர்காமத்தில் மூல மூர்த்தத்தை யாரும் காண்பதில்லை. கப்புறாளை என்று அழைக்கப்படும் சிங்களப் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குள் சென்று பூசை செய்து திரும்புகிறார். வெளியே சிங்களப் பௌத்தரும் தமிழ்ச் சைவரும் கைகூப்பி நிற்கிறார்கள். பக்கத்திலேயே கிரி விகாரை என்னும் தாதுகோபமும் ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. அந்தத் திரையின் முன்னே நின்றபோது தமக்கு நேர்ந்ததை நண்பர் இவ்வாறு விவரித்தார்: “பார்க்க வேண்டிய இடம் என்று ஆயிரம் பேருக்கு ஆயிரம் இடங்களைக் காட்டியிருக்கிறேன். அங்கே காட்டுவதற்கு ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.” காட்சி பார்ப்பதற்கும் தரிசனம் செய்வதற்கும் உள்ள வேற்றுமையை இதைவிடத் தெளிவாக எடுத்துச் சொல்ல என்னால் ஆகாது.

அவருடைய கேள்வி புதியதன்று. பழனி மலை எங்கள் கண்ணெதிரே நின்று யுகயுகமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான் அது. நாரதர் கொண்டுவந்த ஞானப் பழத்துக்காக, உலகை முதலில் வலம் வருபவர் யார் என்று சிவபெருமான் தம் இரு குமாரர்களுக்கும் போட்டி வைத்த கதையைத் தமிழ்க் குழந்தைகள் தாலாட்டோடு கேட்டு வளர்கிறார்கள். முருகன் மயிலேறிப் பறந்தான்; பிள்ளையாரோ இருந்த இடத்திலேயே தாய் தந்தையரை வலம் வந்து, உலகமென்பது இவர்களே என்று சொல்லிக் கனியைப் பெற்றுக்கொண்டார். திரும்பிவந்த முருகன் சினந்து, அணிகளைக் களைந்து, கோவணமும் தண்டமுமாகத் திருஆவினன்குடிக்கு வந்து நின்றான் என்பது ஐதிகம். சொற்பொழிவாளர்கள் இந்தக் கதையை எப்போதும் ஒரே விதமாகத்தான் முடிப்பார்கள்: அலைந்தவன் தோற்றான், இருந்த இடத்தில் இருந்து சிந்தித்தவன் வென்றான், ஆகவே ஊர் சுற்றுவதில் பிரயோஜனமில்லை என்பது அவர்கள் காட்டும் நீதி.

சிறு வயதிலிருந்தே எனக்கு இந்த நீதியில் ஒரு சந்தேகம் உண்டு. உலகைச் சுற்றியவன் தோற்றவனேயானால், லக்ஷோபலக்ஷம் ஜனங்கள் தையிலும் பங்குனியிலும் வெறுங்காலோடு நடந்து போவது யாரைக் காண? கனியைப் பெற்ற பிள்ளையாரை நாம் தெருமுனையிலும் அரசமரத்தடியிலும் வைத்து அன்போடு வணங்குகிறோம். கனியை இழந்தவனுக்கோ மலையையே கொடுத்திருக்கிறோம். அவ்வையார் அவனைத் தேற்ற வந்து, பழமே நீதான் என்று சொன்னதால் இவ்வூர் பழனியாயிற்று என்று நம் பாட்டிமார் சொல்லும் பெயர்க்காரணம் மொழிநூலாருக்கு ஒப்புதலாகுமோ ஆகாதோ, தத்துவ விசாரணை செய்பவனுக்கு அதில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது. கனியைத் தேடிப் போனவன் கனியைப் பெறவில்லை, அவனே கனியானான். எப்படி ஆனான் என்பதுதான் நாம் ஆராய வேண்டியது.

தேசாந்தரம் போவதைப் பற்றி நம் சாஸ்திரங்கள் தயங்கியே பேசியிருக்கின்றன. பௌதாயன தர்ம சூத்திரம் கடல் யாத்திரையை வருணத்திலிருந்து வீழ்த்தும் பாவங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆசாரம் கெடும், ஆகாரம் கெடும், அந்நியரோடு கலந்து சித்தம் கெடும் என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். ஆனால் அதே தேசத்தில், அதே ஆசாரத்துக்குள், பழனி மூலவரை நவபாஷாணத்தால் சமைத்தவர் என்று போற்றப்படும் போகர் சீன தேசம் சென்று வந்த சித்தர் என்று ஜனங்கள் நம்பி வந்திருக்கிறார்கள். அவருடைய சமாதியையும் மலைமேல் கோயிலுக்குள்ளேயே வைத்துப் பூசிக்கிறார்கள். அது சரித்திரமா ஐதிகமா என்ற விவாதம் இருக்கட்டும். கோவணாண்டிக்கு உருக்கொடுத்தவனும் ஒரு தூர தேசப் பிரயாணியாகத்தான் இருக்க வேண்டும் என்று தமிழ் ஜனங்களுடைய உள்ளம் தீர்மானித்ததே, அதை நான் கவனிக்கிறேன்.

பல தலைமுறைகளாகக் காவடியெடுத்துப் பழனிக்கு நடந்துவரும் செட்டிநாட்டு நகரத்தார்களே, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போய்க் கிட்டங்கிகளில் பாய் விரித்துக் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள். போன இடமெல்லாம் அவர்கள் எழுப்பியது தண்டாயுதபாணி கோயில். சிங்கப்பூரில் 1859 இல் எழுந்த கோயிலும், பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலும் இதற்குச் சாட்சி. பொருளீட்டப் போனவர்கள், ஒன்றும் வேண்டாமென்று உதறிவிட்டு நின்றவனைத் தங்கள் வாசலுக்குத் தெய்வமாக வைத்துக்கொண்டார்கள். கணக்கில் அவனுக்கென்று மகமையும் ஒதுக்கினார்கள். லாபத்தைக் கணக்கிடும் கைக்கு எதிரே கோவணம் தரித்த ஒரு மூர்த்தம் நிற்க வேண்டும் என்று எண்ணிய அந்த விவேகம் சாதாரணமானதன்று. கோலாலம்பூருக்கு அருகே பத்துமலைக் குகையில் 1890-91 அளவில் தம்புசாமிப் பிள்ளை முருகனை நிலைநிறுத்தினார். தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போன ஏழைத் தமிழர்களின் சந்ததியார் இன்றும் தைப்பூசத்தன்று 272 படிகளில் காவடியோடு ஏறுகிறார்கள்.

அந்தப் படிகளில் நானும் ஒரு முறை ஏறியிருக்கிறேன். நண்பர் அழைத்துச் சென்ற கூட்டத்தில் ஒருவனாகப் போயிருந்தேன். பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த வயதான அம்மையார் ஒருவர், “தமிழ்நாட்டில் எந்த ஊர் ஐயா?” என்று விசாரித்தார். திண்டுக்கல் என்றேன். அவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. பழனிக்குப் பக்கம் என்று சொன்னதும், அவர் சட்டென்று எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் என் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்று தலைமுறையாகப் பழனியைக் காணாத குடும்பம் அது. நான் வெட்கித் தலைகுனிந்தேன். பழனிக்கு இத்தனை அருகில் ஆயுள் முழுவதும் இருந்தும், பேருந்தில் ஏறி அரை நாளில் தரிசித்துத் திரும்புவதை ஒரு வசதியாக மட்டுமே எண்ணியிருந்தவன் நான். என் ஊர் எங்கே இருக்கிறது என்பதை எனக்குக் கடல் கடந்த ஓர் அம்மையார்தான் காட்ட வேண்டியிருந்தது.

இனி, பிள்ளையாரின் வழியைப் பார்ப்போம். இருந்த இடத்திலேயே உலகை வலம் வரலாம் என்பதற்கு நம் காலத்துச் சாட்சி ரமண மகரிஷி. திருச்சுழியில் பிறந்த அவர் 1891 ஆம் ஆண்டளவில் திண்டுக்கல்லில் பள்ளிச் சிறுவனாக இருந்தவர். வீட்டார் அனைவரும் கோயிலுக்குப் போயிருந்த ஓர் இரவில், கதவையெல்லாம் தாழிட்டுக்கொண்டு தனியே படுத்தவர், திரும்பி வந்தவர்கள் எவ்வளவு தட்டியும் கூவியும் எழாமல் உறங்கினார் என்பதைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். பூட்டுக்குப் பேர்போன எங்கள் ஊரில், உள்ளே தாழிட்டுக்கொண்டு தன்னுள்ளேயே ஆழ்ந்துவிட்ட அந்தச் சிறுவனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது. 1896 ஆகஸ்டு 29 அன்று, அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்துக்காக வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு, தகப்பனைத் தேடிப் போவதாக ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, மதுரையில் அவர் ஏறிய ரயில் வண்டி எங்கள் திண்டுக்கல் நிலையத்தைக் கடந்துதான் வடக்கே சென்றது. எங்கே மாற வேண்டும் என்று அவருக்கு வழி சொன்னவர் அதே வண்டியில் வந்த ஒரு மௌல்வி. செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். கையில் மிஞ்சியிருந்த காசைக் குளத்தில் எறிந்தார். வேஷ்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக்கொண்டார். அதன்பின் 1950 ஏப்ரல் 14 அன்று உடலை நீக்கும் வரை, ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல், திருவண்ணாமலையை விட்டு அவர் எங்கும் போகவில்லை.

அவர் போகவில்லை, உலகம் அவரிடம் வந்தது. தேசம் தேசமாக அலைந்து எழுதிய பால் பிரண்டன் வந்தார். பிரயாணத்திலேயே வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்த ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938 இல் வந்தார். அவர்கள் தங்கள் தங்கள் பாஷையில் கேட்ட கேள்விகளை எல்லாம் அவர் ஒரே கேள்விக்குத் திருப்பினார்: கேட்பவன் யார்? தூரத்தைக் கடந்து வந்தவர்களுக்கு அவர் காட்டிய இடம், அவர்கள் புறப்படுவதற்கு முன்பே நின்றிருந்த இடம். தகப்பனென்று கருதிய அந்த மலையை அவர் பல்லாண்டுகள் வலம் வந்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அது பிள்ளையார் செய்த பிரதக்ஷிணம் அல்லவா? ஆனால் காவ்யகண்ட கணபதி முனிவர் அவரைக் குமரக் கடவுளின் அவதாரமென்றே கொண்டாடினார். அண்ணனுடைய வழியும் தம்பியுடைய வழியும் ஒரு புள்ளியில் கலப்பதை இங்கே காண்கிறோம். அந்தப் புள்ளி கோவணம்.

முருகனுடைய வழியில் போனவர் காந்தியடிகள். 1888 இல் அவர் லண்டனுக்குக் கப்பலேறியபோது, பம்பாயிலிருந்த அவருடைய ஜாதியார் சபை கூட்டி அவரைத் தள்ளிவைத்தார்கள். அவரோ மதுவையும் மாமிசத்தையும் மாதரையும் தீண்டுவதில்லையென்று தாயாரிடம் சத்தியம் செய்துகொடுத்துவிட்டுப் புறப்பட்டிருந்தார். அந்நிய தேசத்தில் அந்தச் சத்தியமே அவருக்கு வழிகாட்டியாயிற்று. அதைக் காப்பதற்காகப் பட்டினி கிடந்து தெருத்தெருவாக அலைந்து ஒரு மரக்கறி உணவுச்சாலையைக் கண்டுபிடித்தார். அங்கே கிடைத்த புத்தகத்தைப் படித்தார்; அதன் வழியே நண்பர்களைப் பெற்றார். தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக மட்டும் கைக்கொண்ட ஒழுக்கத்தைத் தம் சொந்த விவேகத்தால் ஏற்றுக்கொண்டார். பகவத் கீதையையும் அவர் முதன்முதலாகப் படித்தது லண்டனிலேதான். இரண்டு ஆங்கில சகோதரர்கள், எட்வின் ஆர்னால்டின் மொழிபெயர்ப்பைத் தங்களோடு சேர்ந்து படிக்கும்படி அழைத்தபோது, தாம் அதைத் தாய்மொழியிலும் படித்ததில்லையே என்று அவர் நாணினார். ஊரில் கிடைக்காத தம் ஊர்ச் செல்வத்தை ஏழு கடலுக்கு அப்பால் அந்நியர் கையிலிருந்து அவர் பெற்றார். ஆசாரம் கெடுமென்று சாஸ்திரம் அஞ்சிய யாத்திரை, இவர் விஷயத்தில் ஆசாரத்துக்கு உயிர் கொடுத்தது. காரணம், அவர் வெறுங்கையோடு போகவில்லை, ஒரு விரதத்தோடு போனார் என்பதே.

அவருடைய பிரயாணங்களின் கனி பழுத்த இடம் எங்கள் பக்கத்து மதுரை. 1921 செப்டம்பரில், சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் வழியில், கதர் வாங்கத் தங்களுக்கு வசதியில்லை என்று சொன்ன ஏழைகளைக் கண்டவர், 22 ஆம் தேதி காலை முழங்கால் அளவுத் துண்டு ஒன்றை மட்டும் உடுத்திக்கொண்டு வெளியே வந்தார். அன்று களைந்த ஆடையை அவர் மீண்டும் அணியவில்லை. லண்டனும் தென்னாப்பிரிக்காவும் கண்டு, உலகைச் சுற்றிவிட்டுத் திரும்பிய ஒருவர், பழனியாண்டவன் கோலத்தை ஒத்த ஒரு கோலத்தில் மதுரையில் நின்றார். பழனியாண்டவன் கதையிலே கோபம் இருக்கிறது. காந்தியடிகள் செய்கையிலே கருணை இருக்கிறது. களைவது மட்டும் இரண்டிலும் ஒன்று. பத்து ஆண்டுகளுக்குப் பின் 1931 இல், வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்றபோதும் அதே கோலத்தில்தான் சென்றார். சக்கரவர்த்தியின் அரண்மனைக்குள்ளும் அப்படியே நுழைந்தார். செப்டம்பர் மாதக் கடைசியில், தாம் நடத்திய அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை இழந்திருந்த லங்காஷயர் நெசவாலைத் தொழிலாளிகளின் ஊருக்கே விருந்தாளியாகப் போய், அவர்கள் துன்பத்தைக் கேட்டார்; தம் தேசத்து ஏழைகளின் துன்பத்தையும் மறைக்காமல் சொன்னார்; அவர்கள் அவரைச் சுற்றி நின்று ஆரவாரித்து வரவேற்றார்கள். தம்மால் வருந்தியவர்களின் வாசலில் போய் நிற்பதற்கு எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தாலும் அது யாத்திரைதான்.

இந்த மகானுடைய அடிச்சுவட்டைப் படமெடுப்பதற்காகவே உலகைச் சுற்றிய ஒரு தமிழரையும் இங்கே சொல்லியாக வேண்டும். பயணக் கலையில் தமிழ் வசனத்துக்கு ஆசான் என்று சொல்லத்தக்க ஏ.கே. செட்டியார், செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911 இல் பிறந்தவர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937 இல், காந்தி ஜயந்தியன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் தயாரிக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அதற்காக உலகெங்கும் நெடும் பிரயாணம் செய்து, பல தேசங்களில் சிதறிக் கிடந்த 50,000 அடி படச்சுருளைத் தேடிச் சேர்த்து, 1940 ஆகஸ்டில் அந்தப் படத்தைச் சென்னையில் வெளியிட்டார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்பது அவருடைய நூலின் பெயர். ஜனங்கள் அதையே அவருக்குப் பட்டமாகவும் ஆக்கிவிட்டார்கள். அவ்வளவு சுற்றியவருடைய எழுத்திலே நான் கண்டு வியந்த குணம் ஒன்று உண்டு. ‘நான்’ என்னும் சொல் அதில் மிக அரிது. கண்ட இடம் இருக்கிறது, அங்குள்ள மனிதர் இருக்கிறார், அவர் செய்யும் தொழில் இருக்கிறது; கண்டவன் மட்டும் விலகி நிற்கிறான். நாற்பது ஆண்டுகள் ‘குமரி மலர்’ பத்திரிகையை நடத்திய அவர், அதிலும் தம்மை முன்னிறுத்திக்கொள்ளவில்லை. உலகைச் சுற்றிவந்து அவர் களைந்தது அந்த ஒரு சொல். அது எல்லா அணிகளிலும் கழற்றுவதற்கு அரியது.

இப்போது நண்பருடைய கேள்விக்கு விடை கூற முற்படுகிறேன். தூரம் அறிவைத் தருமா என்றால், தராது. அசையாதிருப்பது தருமா என்றால், அதுவும் தராது. வாழ்நாள் முழுவதும் ஊரைவிட்டு நகராமல் அகங்காரத்திலேயே முதிர்ந்தவர்களை நாம் தெருவுக்கு நான்கு பேராகக் காணலாம். போவதும் இருப்பதும் உடம்பின் காரியங்கள். போனவனும் இருந்தவனும் எதைக் களைந்தார்கள் என்பதே ஆத்மாவின் காரியம். ஊரில் நமக்கு ஒரு பெயர் இருக்கிறது. தொழில், ஜாதி, செல்வம், சொந்தம் என்ற அணிகள் இருக்கின்றன. அந்நிய தேசத்து வீதியில் நின்று, பாஷை தெரியாமல், ஒரு குவளை நீருக்கோ ஒரு திசைக்கோ இன்னொருவருடைய தயவை எதிர்பார்க்கும் க்ஷணத்தில் அந்த அணிகள் தாமாகவே கழன்று விழுகின்றன. பழனிப் பாதையில் நடக்கும் வியாபாரியும் கூலியாளும் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றழைத்து ஒரே பந்தலில் உண்பது இதே கழற்றலை விதியாக வகுத்துக்கொண்ட ஏற்பாடு. ஆனால் இன்றைய சுற்றுலாவோ, பிரயாணி எந்த நேரத்திலும் தன் அணி ஒன்றையும் கழற்ற நேராதபடி காப்பதையே தன் திறமையாகக் கொண்டிருக்கிறது. அவன் பாஷை அவனோடு வருகிறது; அவன் சாப்பாடு அவனோடு வருகிறது; அவன் கூட்டம் அவனைச் சூழ்ந்திருக்கிறது. ஆறாயிரம் மைல் போயும் அவன் போனபடியே திரும்புவதற்கு இதுவே காரணம். குற்றம் தூரத்தினுடையதன்று, விமானத்தினுடையதும் அன்று.

எல்லாரும் மகான்களாக முடியுமா, பத்து நாள் ஓய்வுக்குப் போகிற குடும்பஸ்தனிடம் கோவணத்தைப் பற்றிப் பேசுவது தகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவனுக்கு வேண்டியது துறவு அல்ல. சிறிய நியமம் ஒன்று போதும். மாலையணிந்த எளிய உழவன் பழனிக்கு எந்த நியமத்தோடு போகிறானோ, அதை அவனும் தன் சக்திக்கேற்பக் கடைப்பிடிக்கலாம். புறப்படுமுன் ஒரு விரதம்: போகிற தேசத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லேன் என்பதே பத்து நாளைக்குப் பெரிய விரதம். போன இடத்தில் ஒரு வேளையாவது அந்நாட்டு எளிய ஜனங்கள் உண்பதை, தன் மார்க்கத்துக்கு விரோதமில்லாத அளவில், அவர்களோடு அமர்ந்து உண்பது. அவர்களுடைய கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ விகாரையிலோ படக்கருவியை வைத்துவிட்டுக் கால் நாழிகை சும்மா இருப்பது. ஏமாற்றம் நேரும்போது, அதைப் பிறர் குற்றமாக்காமல், கனி கிடைக்காமல் திரும்பிய குமரனை ஒரு கணம் நினைத்துக்கொள்வது. படத்தில் கண்டதுபோல் உலகம் இராது. நம் விருப்பத்துக்கு இணங்காத அந்த உலகத்தின் முன்னே நிற்கும்போதுதான் நம்முடைய விருப்பம் எவ்வளவு சிறியது என்பது தெரியவருகிறது.

யாத்திரையின் பரீக்ஷை வீட்டுக்குத் திரும்பிய பிறகே நடக்கிறது. சின்னாளபட்டிக்கு அருகே, 1947 இல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் தோற்றுவித்த காந்திகிராமத்துக்கு நான் அடிக்கடி போவதுண்டு. உலகம் கண்ட காந்தியடிகளுடைய பிரயாணங்கள் கடைசியில் எங்கே வந்து சேர்ந்தன என்று யாரேனும் கேட்டால், எங்கள் சமவெளியின் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியிலும், குழந்தைகளுக்கு எழுத்தறிவித்த பள்ளியிலும் வந்து சேர்ந்தன என்று நான் கைகாட்டுவேன். சென்றவன் கண்ட ஒளி அவன் ஊரில் ஒரு விளக்கையாவது ஏற்றவில்லையென்றால், அவன் கண்டது ஒளியென்று எப்படி நம்புவது?

இன்று எங்கள் ஊரிலும் சுற்றுப்புறத்து ஆலைகளிலும் தோட்டங்களிலும் வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த இளைஞர்கள் பலர் வேலை செய்கிறார்கள். பாஷை தெரியாமல் கடை வாசலில் நின்று விரலால் சுட்டிக்காட்டிப் பொருள் வாங்கும் அவர்களைப் பார்க்கும்போது, பாரிஸ் வீதியிலோ கோலாலம்பூர் வீதியிலோ அவ்வாறே விரலால் சுட்டி நின்ற நம்மவர்களை நான் நினைத்துக்கொள்கிறேன். தூர தேசத்திலிருந்து திரும்பிய ஒருவர் அந்த இளைஞனிடம் முன்னைவிட ஒரு சொல் இனிமையாகப் பேசினால், அவருடைய செலவு வீணாகவில்லை. முன்போலவே கடிந்து பேசினால், அவர் இன்னும் புறப்படவேயில்லை.

இந்தத் தையிலும் அடியார்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள். இதைப் படிப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எத்தனை தூரம் வேண்டுமானாலும் போய் வாருங்கள். மயிலேறியவன் நம் தெய்வம், ஆகையால் போவதில் பாவமில்லை. திரும்பி வந்ததும், கொண்டுவந்த பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் வாசலுக்கு வாருங்கள். அங்கே தாகத்தோடு நிற்பவன் எந்த ஊரான், எந்த ஜாதியான், எந்த பாஷைக்காரன் என்று விசாரிக்காமல், அவனுக்கு ஒரு செம்பு நீர்மோர் கொடுங்கள்.